முப்பத்தோராம் இலக்க மண்

சூசைதாசன் அண்ணை டென்மார்க்கின் சில்க்போர்க் நகருக்கு வந்தது 1985ஆம் ஆண்டு ஆவணி மாதம். அகதி அந்தஸ்துக் கிடைத்த பிறகு கொம்யூன், அதாவது நகரசபை, கொடுத்த இரண்டறை வீட்டில் என்னோடு இருந்தார். எனக்கு இருபத்தாறு வயது, அவருக்கு முப்பத்தாறு. மன்னார் பேசாலையில் பிறந்தும் கடலுக்குப் போகாதவர். காங்கேசன்துறை சிமெந்துத் தொழிற்சாலையில், சூளைப் பகுதியில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். மனைவி மேரிகிறேசும் எட்டு வயது மகளும் இன்னும் பேசாலையில்தான் இருந்தார்கள்.

அவர் அவதானமான மனிதர். அடுப்பை நிற்பாட்டினால் இரண்டாந்தரமும் வந்து கையை மேலே பிடித்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஒரு பிழை விட்டார் என்பதை அவரே சொன்னபோதும் என்னால் உடனே நம்ப முடியவில்லை.

அந்த வருட மார்கழியில் கொம்யூனில் இருந்த பெண் அவருடைய பழைய வேலையைக் கேட்டு எழுதிக்கொண்டு, சூளை தெரிந்த உதவியாள் ஒருவரை யப்பானிய மட்பாண்டக் கலைஞர் ஒருவர் தேடுகிறார் என்றாள். பஸ்ஸில் இருபது நிமிடம் போய், பிறகு வயல்களுக்கு நடுவே இரண்டு கிலோமீற்றர் நடக்க வேண்டும். ஒரு காலத்தில் ஊர்ப்பால் எல்லாம் சேர்த்து வெண்ணெய் எடுத்த செங்கல் கட்டடம் அது. அதை வாங்கிப் பட்டறையும் வீடுமாக மாற்றி ஒரு பெண் தனியாக இருந்தாள். பெயர் கிமியே தனாபே. நாற்பத்திரண்டு வயது, ஆண்களைப் போல வெட்டிய தலைமயிர், முழங்கைவரை காய்ந்த மண்.

கிமியேயின் கதையை அண்ணை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிந்துகொண்டார். தகப்பன் ரயில்வேயில் வேலை. கியோத்தோவில் படித்து முடித்ததும் பெயர்பெற்ற ஒருவரின் பட்டறையில் ஆறு வருடம் இருந்திருக்கிறாள். அங்கே அவளை மண் பிசைய விட்டார்கள், சூளை எரிக்கும் ஆண்களுக்குச் சமைக்க விட்டார்கள். சூளையில் கலங்களை அடுக்க மட்டும் விடவில்லை. பெண் அடுக்கினால் நெருப்புக் கோபிக்குமாம். இருபத்தேழு வயதில் கொப்பன்ஹேகனுக்கு வந்து, ஒரு பீங்கான் தொழிற்சாலையில் ஐந்து வருடம் தட்டுகளில் நீலப்பூ வரைந்தாள். ஒரு டெனிஷ்காரரைக் கலியாணம் செய்தாள், பிரிந்தாள். பிறகு இந்தக் கட்டடம்.

"நான் என்ன செய்தாலும் பத்திரிகையில் யப்பானிய அமைதி என்று எழுதுகிறார்கள்" என்று ஒருநாள் சொன்னாள். "எனக்கு அமைதியே கிடையாது. என் பழைய புருஷனைக் கேட்டால் சொல்லுவார்."

இரண்டு பேரும் பேசியது உடைந்த டெனிஷில். அவளுக்குப் பதினைந்து வருடத்து டெனிஷ், அண்ணைக்கு ஐந்து மாதத்து டெனிஷ். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கியது. இருவருமே சின்ன வசனங்களில்தான் பேசினார்கள்.

அவள் அதுவரை ஜேர்மனியிலிருந்து பைகளில் வரும் வெள்ளை மண்ணில்தான் வேலை செய்தாள். எல்லாப் பட்டறைகளிலும் இருக்கிற மண். அது அவளுக்குப் போதவில்லை. தான் இருக்கிற இடத்து மண்ணில் செய்ய வேண்டும் என்று மூன்று வருடமாக அலைந்திருந்தாள். செங்கல் வெட்டும் இடத்துச் சிவப்பு மண், ஏரிக்கரை மணல், ஒரு கமக்காரனின் வயல் வாய்க்காலில் கிடைத்த சாம்பல் நிறக் களி என்று ஒவ்வொன்றையும் வேறு வேறு அளவில் கலந்து, சின்னச் சின்ன ஓடுகளாகச் சுட்டு இலக்கம் போட்டாள். சுவரில் நாற்பத்தேழு ஓடுகள் தொங்கின. முப்பத்தோராம் இலக்கம்தான் சரியாக வந்தது. சுட்டபின் அதன் நிறம் நனைந்த பனங்கட்டி மாதிரி இருந்தது என்று அண்ணை சொல்வார். அந்த மண்ணில் செய்த பெரிய தட்டங்களையும் உயரமான சாடிகளையும் வைகாசி மாதம் கொப்பன்ஹேகனில் ஒரு கண்காட்சியில் வைப்பதாக ஏற்பாடு.

அண்ணைக்கு அந்த வேலை பிடித்தது. எரிவாயுச் சூளைதான், சிமெந்துச் சூளைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு பெட்டி. ஆனால் நெருப்பு நெருப்புத்தான். கண்துளையால் பார்த்து, நிறத்தை வைத்து எத்தனை பாகை என்று சொல்லுவார். வெப்பமானியும் ஏறக்குறைய அதையே காட்டும். கிமியே இரண்டுமுறை சோதித்துப் பார்த்துவிட்டு மூன்றாவது முறை வெப்பமானியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து அன்றைக்கு அண்ணை என்னிடம் சொன்னார்: "தம்பி, இந்த நாட்டிலை முதல் தரமா ஒருத்தர் என்னை வேலை தெரிஞ்ச ஆளா மதிச்சிருக்கிறார்."

மாசி மாதம் தட்டங்கள், சாடிகள், சின்னக் கிண்ணங்கள் என்று இருபத்தொரு கலங்கள் சூளைக்குள் போயின. எரித்து முடித்ததும் இரண்டரை நாள் மூடியபடி ஆறவிட வேண்டும். கதவில் சிவப்புப் பென்சிலால் 100 என்று எழுதியிருந்தாள். நூறு பாகைக்குக் கீழே வராமல் கதவைத் தொடக்கூடாது. குளிர்காற்றுப் பட்டால் சூடான மண் ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் சுருங்காமல் வெடித்துவிடும். இதை அண்ணைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

சனிக்கிழமை காலையில் கிமியே கண்காட்சி விசயமாகக் கொப்பன்ஹேகனுக்குப் போனாள். "நீங்கள் இருக்கிறீர்கள், எனக்குக் கவலையில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அன்றைக்கு அல்பேட் குடும்பம் வந்தது. அல்பேட்டும் பேசாலைக்காரன், வைலே நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மனைவி பற்றிமா, ஐந்து மாதக் கைக்குழந்தை. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் பிறகு அண்ணை தன்னுடைய சூளையைப் பற்றிக் கதைத்திருந்தார். அதில் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருந்தார். "ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்று கூப்பிட்டதும் அவர்தான். அந்த மாசி, ஏரிகள் எல்லாம் உறைந்து கிடந்த மாசி. பஸ்ஸால் இறங்கிய அவர்கள் இரண்டு கிலோமீற்றரும் பனிக்குள் நடந்து வந்தார்கள். பட்டறையைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பு அன்று காலையிலிருந்து வேலை செய்யவில்லை.

"இந்தப் போறணை முழுக்க என்ரை பொறுப்பு" என்று அண்ணை காட்டினார். "அவ கொப்பன்ஹேகன் போட்டா. நான்தான் எல்லாம்."

அல்பேட் சூளையைச் சுற்றிப் பார்த்தான். பற்றிமா அதன் சுவரோடு ஒட்டி நின்றாள். குழந்தை அழுதுகொண்டேயிருந்தது.

"அண்ணை, இதின்ரை கதவைக் கொஞ்சம் திறக்கேலாதோ?" என்றாள் பற்றிமா. "பிள்ளையின்ரை கை விறைச்சுப் போச்சு."

வெப்பமானி இருநூற்று நாற்பது காட்டியது. மேல்மாடியில் கிமியேயின் வீடு இருந்தது. அங்கே சூடு இருந்தது, பூட்டின் திறப்பும் அண்ணையிடம் இருந்தது. ஆனால் மற்றவருடைய வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால், தான் இங்கே ஒரு வேலைக்காரன், கேட்டுத்தான் போகலாம் என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்கு முன்தான் எல்லாம் நான் என்று சொல்லியிருந்தார். கொளுக்கியைத் தட்டிக் கதவை நாலு விரல் அகலம் திறந்தார்.

சூடு வந்தது. குழந்தை அழுகையை நிற்பாட்டியது. பற்றிமா சிரித்தாள். தேத்தண்ணி குடித்தார்கள். ஊரில் யார் யார் எங்கே போய்விட்டார்கள் என்று கதைத்தார்கள். அரை மணித்தியாலம் இருக்கும், உள்ளேயிருந்து ரிங் என்றொரு சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம், கிளாசில் கரண்டி பட்டது மாதிரி. பிறகு இன்னொன்று. அல்பேட் "என்ன சத்தம்?" என்று கேட்டான். அண்ணை எழுந்து போய்க் கதவை மூடிவிட்டு, "ஒண்டுமில்லை, ஆறேக்கை அப்பிடித்தான்" என்றார்.

அவர்கள் போன பிறகு வெகுநேரம் சூளைக்கு முன்னால் நின்றார். இன்னும் மூன்று தடவை அந்தச் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை கிமியே திறந்தாள். முதல் தட்டத்தை எடுத்தாள், மடக்கிய விரல் மொழியால் தட்டினாள், காதைக் கொடுத்தாள். செத்த சத்தம். விளிம்பிலிருந்து நடுவரை ஒரு மயிர்க்கோடு. அடுத்ததும் அப்படியே. சாடிகளில் கோடு சுற்றி ஓடியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். இருபத்தொன்றில் பதினாலு. தப்பியவை சின்னக் கிண்ணங்கள்.

வெடிப்பின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். கூராக இருந்தது. கலத்தின் கண்ணாடிப் பூச்சு உருகிய பிறகு, ஆறும்போது வெடித்தது என்று அவளுக்குத் தெரியும்.

"கதவைத் திறந்தீர்களா?" என்று கேட்டாள். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தேடிப் பார்க்கும் பல இடங்களில் அதுவும் ஓரிடம் என்பது மாதிரிக் கேட்டாள்.

"நய்" என்றார் அண்ணை, இல்லை என்று.

மொழிப் பள்ளிக்கூடத்தில் அவர் எந்தச் சொல்லைச் சொன்னாலும் ஆசிரியை திருத்துவாள். திருத்தம் இல்லாமல் சொல்லத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

அவள் தலையாட்டினாள். சுவருக்குப் போய் முப்பத்தோராம் ஓட்டைக் கழற்றி நெடுநேரம் பார்த்தாள். "அப்படியென்றால் மணல்" என்றாள். "மணல் கூடிவிட்டது. சின்ன ஓட்டில் தெரியவில்லை, பெரிய கலத்தில் காட்டிவிட்டது."

அந்தக் கிழமையே வேறொன்றும் நடந்தது. மனைவியையும் மகளையும் கூப்பிட அண்ணை விண்ணப்பம் போடுவதாக இருந்தார். வேலை கொடுத்தவரின் கடிதம் ஒன்றிருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தை மாதமே கிமியேயிடம் கேட்டிருந்தார். அவள் அதை மறக்கவில்லை. உடைந்த கலங்கள் மேசையில் கிடக்க, அதே மேசையின் மூலையில் இருந்து தட்டெழுத்தில் அடித்துக் கொடுத்தாள். நான்தான் அகராதி வைத்து அதை அவருக்கு மொழிபெயர்த்தேன். நேர்மையானவர், பொறுப்பான வேலையை நம்பித் தனியே விடலாம் என்று எழுதியிருந்தது.

"நல்ல கடிதம் அண்ணை" என்றேன்.

"ஓம்" என்றார். அடுத்த நாள் விண்ணப்பத்தோடு அதையும் வைத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டு நினைவு என்று நான் நினைத்துக்கொண்டேன். பட்டறையில் கிமியே பதினாலு கலங்களையும் சுத்தியலால் உடைத்தபோது, துண்டுகளைக் கூட்டி அள்ளியவர் அவர்தான். பெரிய வியாழனுக்கு முந்தின சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். டெனிஷ்ப் பாதர். சூளை என்பதற்கு டெனிஷில் என்ன சொல் என்று அண்ணைக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "வேலை செய்யும் வீட்டில் தட்டை உடைத்துவிட்டேன், உடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்" என்று சொன்னார். வயதான பாதர் மெல்லச் சிரித்து, மூன்று அருள்நிறைந்த மரியாயே செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"அவர் மன்னிச்சது வேறை பாவத்தை" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். "நான் செய்ததை நான் அவருக்குச் சொல்லேல்லை."

கோயில் வாசலில் பற்றிமா குழந்தையோடு நின்றாள். "அண்ணை, திரும்ப எப்ப கூட்டிக்கொண்டு போறியள்? அண்டைக்கு அந்தச் சூடு எவ்வளவு சுகமா இருந்தது."

"பாப்பம்" என்றார்.

வைகாசிக் கண்காட்சிக்கு, வேறு வழியில்லாமல் அலமாரியில் இருந்த பழைய வெள்ளைக் கலங்களையே கிமியே கொண்டுபோனாள். பெட்டிகளைத் தூக்க அண்ணையும் போனார். படித்த ஆட்கள் வைன் கிளாசோடு நின்று பார்த்தார்கள். ஒருவர் கிமியேயிடம், உடைந்த கலத்தைப் பொன்னால் ஒட்டும் வழக்கம் பற்றிக் கேட்டார். எங்களூரில் உடைந்தால் எறிந்துவிடுவோம் என்றாள் அவள். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் யப்பானிய அமைதி என்று மறுபடி வந்தது. அவள் அதை வெட்டிக் கழிவறைக் கதவில் ஒட்டினாள். ஒட்டிவிட்டுச் சிரித்தாள். அண்ணையாலும் சிரிக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை, முப்பத்தோராம் இலக்க மண்ணில் மிச்சமிருந்த அறுநூறு கிலோவையும் பின்பக்கம் வெட்டியிருந்த கிடங்கில் கொட்டச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பக்கத்துக் கமக்காரன் உழவு இயந்திரத்தால் மூடிவிடுவான். சுவரில் இருந்த நாற்பத்தேழு ஓடுகளையும் ஏற்கனவே கழற்றிவிட்டாள். "நான் மண் தெரிந்தவள் என்று நினைத்திருந்தேன்" என்றாள். "வயது போகப் போகக் குறைகிறது போலிருக்கிறது."

அண்ணை கைவண்டியில் மூன்று தரம் கொண்டுபோய்க் கொட்டினார். நாலாவது தரம் வண்டியை நிரப்பிவிட்டுத் தூக்கவில்லை. கிமியே குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.

"மண்ணில் பிழையில்லை" என்றார்.

அவள் திரும்பினாள்.

"நல்ல மண். கதவைத் திறந்தது நான்."

குழாயை மூடினாள். வாளியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஒரு பரிசோதனையின் விபரம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எத்தனை பாகையில்?"

"இருநூற்று நாற்பது."

"எவ்வளவு அகலம்?"

நாலு விரலைக் காட்டினார்.

"எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம்."

"ஏன்?"

"நண்பர்கள் வந்தார்கள். நான் பெரிய ஆள் என்று காட்ட நினைத்தேன்."

குழந்தையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. சொன்னால் அது சாட்டாகிவிடும். குழந்தை என்றால் அவள் மனமிரங்கியும் விடுவாள். அந்தக் குழந்தையைக் காட்டித் தான் தப்புவதை அவர் விரும்பவில்லை.

"நான் அன்றைக்குக் கேட்டேன்" என்றாள் கிமியே.

"கேட்டீர்கள்."

"அன்றைக்குச் சொல்லியிருந்தால் மூன்று மாதம் இருந்தது. திரும்பச் செய்திருப்பேன். பதினாலு கலம் வெடித்தது எனக்குப் பெரிய விசயம் இல்லை. எத்தனையோ வெடித்திருக்கிறது. ஆனால் மூன்று மாதம் நான் என் கையை நம்பவில்லை." குரல் உயரவில்லை. "இப்போது வீட்டுக்குப் போங்கள்."

"நீங்கள் எழுதிய கடிதம்..." என்றார் அண்ணை. "கொம்யூனுக்குச் சொல்லித் திரும்ப எடுத்துவிடுங்கள். அதில் இருப்பது உண்மையில்லை."

"அது உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் எழுதியது. அவர்கள் கதவைத் திறக்கவில்லை."

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்தார். எனக்கு எல்லாவற்றையும் சொன்னது அன்றைக்குத்தான். குசினிக் கதிரையில் இருந்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். "வேண்டாம் தம்பி" என்றார்.

ஒரு கிழமை ஒரு செய்தியும் இல்லை. வேலை போய்விட்டதென்றே நினைத்தோம். எட்டாம் நாள் தபாலில் ஒரு அட்டை வந்தது. திங்கட்கிழமை எட்டு மணி, மண்வெட்டி இங்கே இருக்கிறது, அவ்வளவுதான் எழுதியிருந்தது.

கமக்காரன் கிடங்கை மூடியிருந்தான். அண்ணை ஆனி மாதம் முழுக்க அதைக் கிண்டினார். கொட்டிய மண்ணை எடுத்து, வேரும் கல்லும் பொறுக்கி, தண்ணீரில் கரைத்து, அரிதட்டில் வடித்து, மறுபடி இறுகவிட்டார். கிமியே உதவிக்கு வரவில்லை, மேற்பார்க்கவும் இல்லை. வேலை பற்றிய கதை மட்டும். முன்பெல்லாம் பத்து மணிக்கு இருவரும் ஒன்றாக இருந்து கோப்பி குடிப்பார்கள். இப்போது அவருடைய கோப்பையை யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

புரட்டாதியில் மறுபடி எரித்தார்கள். பன்னிரண்டு கலங்கள், எல்லாமே பெரியவை. எரித்து முடித்து ஆறவிட்ட இரண்டரை நாளும் கிமியே சூளைக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாடும் அங்கேயே. அண்ணைக்குக் காரணம் விளங்கியது. அதற்குப் பிறகும் சூடான சூளையோடு அவரைத் தனியே விட்டு அவள் எங்கேயும் போனதில்லை.

எண்பது பாகையில் திறந்தாள். முதல் தட்டத்தைத் தட்டினாள். கோயில் மணி மாதிரி நீண்டு கேட்டது. பன்னிரண்டையும் தட்டினாள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. கடைசிச் சாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ யப்பான் மொழியில் சொல்லிச் சிரித்தாள். கலத்தைக் கையில் வைத்து அவள் சிரித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"எனக்கு அண்டைக்குத்தான் வலு பாரமா இருந்தது" என்றார் அண்ணை. "அதுமட்டும் மண்ணும் பிழையா இருந்திருக்கலாம் எண்டு மனசின்ரை ஒரு மூலையிலை சின்ன ஆசை. அதுவும் போட்டுது."

மேரிகிறேசும் மகளும் மார்கழி ஒன்பதாம் திகதி வந்து இறங்கினார்கள். நான் வேறு வீட்டுக்கு மாறினேன். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணை என்னையும் கிமியேயையும் கூப்பிட்டிருந்தார். அவள் வரமாட்டாள் என்றே அவர் நினைத்தார். பனிக்குல்லா போட்டுக்கொண்டு, பையில் தோடம்பழத்தோடு வந்தாள். மேரிகிறேஸ் வைத்த இறால் குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டாள். மகளுக்குக் கடதாசியில் ஒரு தவளை மடித்துக் காட்டினாள். இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். அண்ணை அவளுடைய சப்பாத்தை வாசலில் எடுத்து வைத்தார். அவள் முகத்தை அவர் ஒருதரமும் பார்க்கவில்லை.

நான் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேரிகிறேஸ் அக்கா கழுவிக்கொண்டே கேட்டார்:

"அந்த மனுசிக்கு என்ன செய்தனீங்கள்? ஏன் நிமிர்ந்து பாக்கிறியள் இல்லை?"

அண்ணை சொன்னார். மாசியிலிருந்து புரட்டாதி வரை, எனக்குச் சொன்ன அதே ஒழுங்கில், பற்றிமாவின் குழந்தையையும் மறைக்காமல். பற்றிமாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே, பாவம், தன்னால்தான் என்று நினைப்பாள் என்றும் கேட்டுக்கொண்டார். அக்கா தண்ணீரை நிற்பாட்டிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அந்தக் கடிதத்தாலையோ நாங்கள் வந்தது?"

"அதுவும் இருந்தது."

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மிச்ச இறால் குழம்பை ஒரு மூடிப் போத்தலில் ஊற்றி இறுக மூடி அவரிடம் நீட்டினார்.

"பஸ் இன்னும் வரேல்லை, அவ தரிப்பிலைதான் நிக்கிறா. ஓடிப்போய்க் குடுங்கோ. குடுக்கேக்கை அவவின்ரை முகத்தைப் பாத்துக் குடுங்கோ."

அண்ணை கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். யன்னலால் பார்த்தேன். பஸ் தரிப்பில் இருவரும் நின்றார்கள். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. பஸ் வந்ததும் கிமியே போத்தலோடு ஏறினாள். பஸ் திரும்பி மறைந்த பிறகும் அவர் பனிக்குள் அப்படியே நின்றார்.